வேளா மீனின் பெயரும் சட்டத்தின் பட்டியலும்

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கடல் மீன்கள் சேர்க்கப்பட்டன. அப்பட்டியலில் நீண்ட மூக்குடைய இரு மீன் குடும்பங்கள் அருகருகே இடம்பெற்றன. ஒன்று, கடற்குதிரையும் குழல்மீனும் அடங்கிய சிங்நாத்திடே. மற்றொன்று, வேளா மீன்கள் அடங்கிய பிரிஸ்டிடே. கடற்குதிரைக்கு எதிரே சட்டம் ‘சிங்நாத்திடே அனைத்தும்’ என்ற பொருளில் ஒரே தொடரை எழுதியது. வேளாவுக்கோ அனாக்ஸிபிரிஸ்டிஸ் கஸ்பிடேட்டா, பிரிஸ்டிஸ் மைக்ரோடான், பிரிஸ்டிஸ் ஸிஜ்ஸ்ரான் என மூன்று சிற்றினப் பெயர்களைத் தனித்தனியே எழுதியது.

ஒரே நோக்கத்துடன் ஒரே ஆண்டில் எழுதப்பட்ட இவ்விரு பதிவுகளும் இரு வேறு பெயரிடல் முறைகளைப் பின்பற்றுகின்றன. முன்னது குடும்பத்தைச் சுட்டுகிறது. பின்னது சிற்றினத்தைச் சுட்டுகிறது. பட்டியல் எழுதியோரின் வசதிக்கேற்ப நேர்ந்த சிறு வேறுபாடாகவே இது தோன்றக்கூடும். ஆயினும் அதன் விளைவு வேளா மீனுக்கும், அதைத் தற்செயலாக வலையில் இழுக்க நேரும் மீனவருக்கும் சிறியதன்று. வேளாவைக் காக்க விரும்பும் சட்டம் அதைக் குடும்பப் பெயராலேயே சுட்ட வேண்டும். அப்பெயருடன் கரையோர மொழிகளின் பெயர்களையும் சேர்த்தே எழுத வேண்டும். இந்நிலைப்பாட்டுக்கான காரணங்களில் பாதி விலங்கியலில் உள்ளது. மறுபாதி மொழியியலில் உள்ளது.

சுறாவை ஒத்த திருக்கை

வேளாவின் தோற்றம் சுறாவை ஒத்தது. நீண்ட உடல், நிமிர்ந்த முதுகுத் துடுப்புகள், வலிய வால் ஆகியவற்றைக் காண்போர் எவரும் அதைச் சுறா என்றே கொள்வர். ஆனால் அதன் செவுள் பிளவுகள் தலையின் அடிப்புறத்தில் அமைந்துள்ளன. மார்புத் துடுப்புகள் தலையின் பக்கங்களோடு இணைந்துள்ளன. இவ்விரண்டும் திருக்கைகளுக்குரிய அடையாளங்கள். ஆகவே வேளா என்பது சுறாவின் உடலமைப்பைக் கொண்ட ஒரு திருக்கை.

தலையிலிருந்து தட்டையாக நீளும் மூக்கின் இருமருங்கிலும் வரிசையாக நிற்கும் பற்கள் வாய்ப் பற்கள் அல்ல. தோலின் செதில்களே உருமாறி, குழிகளில் பதிந்து, பற்களாக வளர்ந்துள்ளன. மூக்கின் தோலெங்கும் மின்புலத்தை உணரும் நுண்ணுறுப்புகள் பரவியுள்ளன. கலங்கிய நீரில் இரையின் உடலிலிருந்து எழும் மெல்லிய மின்புலத்தை வேளா இம்மூக்கால் அறிகிறது. அறிந்த இரையை அதே மூக்கால் அடித்து வீழ்த்துகிறது. இவ்விரட்டைப் பயன்பாட்டை பார்பரா வியூரிங்கரும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் சோதனை வழியே காட்டினர். வேளாவின் அழிவுக்கும் இம்மூக்கே காரணமாயிற்று. இழுவலையாயினும் செவுள் வலையாயினும் கண்ணியில் ஒரு பல் மாட்டினாலே போதும். மீன் திமிறத் திமிற வலை மேலும் சுற்றிக்கொள்ளும்.

இரம்ப மூக்கு உயிரின வரலாற்றில் ஒரு முறை மட்டுமே தோன்றிய உறுப்பும் அன்று. பிரிஸ்டியோபோரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த இரம்பச் சுறாக்களுக்கும் இத்தகைய மூக்கு உண்டு. அவற்றின் செவுள்கள் சுறாக்களுக்குரியவாறு பக்கவாட்டில் உள்ளன. மூக்கின் நடுவே மீசை போன்ற இரு இழைகள் தொங்குகின்றன. கிரெட்டேசியக் காலத்துப் புதைபடிவங்களில் காணப்படும் ஸ்கிளிரோரிங்கஸ் கூட்டத்தினரும் இரம்ப மூக்கினரே. அவர்களும் தனிக் கிளையைச் சேர்ந்தவர்கள். மாறாக, மரபணுச் சான்றுகளின்படி வேளாவுக்கு நெருங்கிய உறவினராக அமைபவை கிட்டார் மீன்களும் ஆப்பு வடிவ மூக்குடைய திருக்கைகளும். இன்று இவையனைத்தும் ரைனோபிரிஸ்டிஃபார்மிஸ் என்னும் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றன. சுருங்கக் கூறின், வேளாவின் நெருங்கிய உறவினருக்கு இரம்பம் இல்லை. இரம்பம் உடைய சுறாவோ நெருங்கிய உறவினர் இல்லை. ஒலியொப்புமையை மட்டும் கொண்டு இரு சொற்களை ஒரே வேரினவாகக் கொள்ளக் கூடாது என்பது வரலாற்று மொழியியல் மாணவர் கற்கும் முதற் பாடம். மீனியல் மாணவருக்கு அதே பாடத்தை வேளா கற்பிக்கிறது.

‘சிறுபல்’ என்னும் பெயர் பெற்ற பெரும்பல் மீன்

விலங்குகளின் அறிவியற் பெயர்களுக்குத் தொடக்க ஆண்டு 1758. அவ்வாண்டில் வெளியான லின்னேயஸின் ‘சிஸ்டமா நேச்சுரே’ பத்தாம் பதிப்பு வேளாவை ஸ்குவாலஸ் பிரிஸ்டிஸ் எனப் பெயரிட்டுச் சுறாக்களின் பேரினத்தில் வைத்தது. அங்கு தரப்பட்ட விவரிப்பு மிகச் சுருக்கமானது. அது எந்த வேளாவைக் குறிக்கிறது என்பது நெடுங்காலம் விவாதத்துக்குரியதாக இருந்தது. பின்னர் 1794இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜான் லேதம், லின்னேயன் சங்கத்தின் இதழில் வேளா மீன்கள் குறித்து ஒரு கட்டுரை எழுதினார். பெக்டினேட்டா, கஸ்பிடேட்டா, மைக்ரோடான் என்னும் பெயர்கள் அக்கட்டுரையில் பிறந்தவை. 19ஆம் நூற்றாண்டில் பெரோட்டெட்டி, ஸிஜ்ஸ்ரான் ஆகியனவும் 1906இல் கிளவாட்டாவும் சேர்ந்தன. பேரின அளவிலும் ஒரு பிரிவு நிகழ்ந்தது: மூக்கின் அடிப்பகுதியில் பற்களின்றி, எஞ்சிய பகுதியில் கத்தி போன்ற தட்டையான பற்களைக் கொண்ட கஸ்பிடேட்டா, 1941இல் அனாக்ஸிபிரிஸ்டிஸ் என்னும் தனிப் பேரினமாயிற்று.

இவ்வாறு 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏழு சிற்றினப் பெயர்கள் வரை வழக்கில் இருந்தன. அருங்காட்சியகப் பதனங்கள், மீன்களின் புறவடிவம், இழைமணி மரபணு ஆகியவற்றை உலகளவில் ஒப்பிட்டு விசென்ட் ஃபரியாவும் குழுவினரும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அவ்வாய்வின்படி சிற்றினங்கள் ஐந்தே. பிரிஸ்டிஸ் மைக்ரோடான், பிரிஸ்டிஸ் பெரோட்டெட்டி, பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸ் என்று மூன்றாகக் கருதப்பட்டவை உண்மையில் ஒரே சிற்றினம். பெயரிடல் விதிகளின் முன்னுரிமைக் கோட்பாட்டின்படி, மிகப் பழைய பெயரான பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸ் நிலைத்தது. ஏனைய இரண்டும் ஒருபொருட் பன்மொழிகளாயின.

சொல்லாராய்ச்சியில் ஈடுபாடுடையோர் இங்கு ஒரு முரணைக் காணலாம். மைக்ரோடான் என்பதற்குக் கிரேக்கத்தில் ‘சிறு பல்’ என்று பொருள். ஆனால் அப்பெயரைத் தாங்கிய மீன் இன்று ஆங்கிலத்தில் ‘பெரும்பல் வேளா’ எனப்படுகிறது. ‘சிறுபல் வேளா’ என்னும் ஆங்கிலப் பெயரோ பெக்டினேட்டாவுக்கு உரியதாயிற்று. பெக்டினேட்டா என்பதன் பொருள் ‘சீப்பு போன்றது’. அறிவியற் பெயர் பொருளால் சுட்டுவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது. அது ஒரு முன்மாதிரிப் பதனத்தோடும் ஒரு வெளியீட்டோடும் பிணைந்திருப்பதால் சுட்டுகிறது. பெயரின் பொருள் பொய்த்தாலும் பெயர் நிற்கும். ஆனால் அறிஞர் கருத்து மாறினால் அப்பெயரின் எல்லை மாறிவிடும். இவ்வியல்பு அறிவியலுக்கு வலிமை. அசையாத சொற்களையே நம்பி நிற்க வேண்டிய சட்டத்துக்கு அதுவே இடராகிறது.

பெயரின் எல்லை மாறும்போது

அவ்விடர் வெறும் கற்பனை அன்று. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 2007இல் வேளாக் குடும்பத்தை முதற் பிற்சேர்க்கையில் சேர்த்தது. வணிக நோக்கிலான பன்னாட்டு விற்பனை தடைப்பட்டது. ஆனால் மைக்ரோடான் மட்டும் விலக்குப் பெற்று இரண்டாம் பிற்சேர்க்கையில் வைக்கப்பட்டது. தகுந்த காட்சியகங்களுக்கு, முதன்மையாகப் பாதுகாப்பு நோக்கில், உயிருள்ள மீன்களை அனுப்ப அவ்விலக்கு இடமளித்தது. 2013இல் பாங்காக்கில் கூடிய மாநாடு அவ்விலக்கை நீக்கி, குடும்பம் முழுவதையும் முதற் பிற்சேர்க்கையில் ஒன்றாக்கியது. மைக்ரோடான் என்பது தனிச் சிற்றினமே அன்று என்று காட்டிய ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது. ஆறு ஆண்டுகள் பன்னாட்டுச் சட்டம் இரு வேறு விதிகளுக்கு உட்படுத்தி வைத்திருந்தது, உயிரியல் நோக்கில் ஒரே மீனை.

இந்தியப் பட்டியலில் நேர்ந்த சிக்கல் இதனினும் நுட்பமானது. அதை மூன்று எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம்.

முதலாவது, மைக்ரோடான். 2013இல் இப்பெயர் பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸில் கரைந்த பின்னரும் பல ஆண்டுகள் முதல் அட்டவணையில் பழைய பெயரே நீடித்தது. பழைய பெயரும் புதிய பெயரும் ஒரே மீனையே சுட்டுகின்றன என்று நீதிமன்றத்துக்கு விளக்க ஒரு வல்லுநரால் இயலும். ஆனால் தண்டனைச் சட்டத்தின் சொற்களைக் கண்டிப்பாகப் பொருள்கொள்ள வேண்டும் என்பது நீதிநெறி. ஒவ்வொரு வழக்கிலும் வல்லுநரின் விளக்கம் தேவைப்படும் சொல், சட்டத்துக்கு ஏற்ற சொல் ஆகாது.

இரண்டாவது, பெக்டினேட்டா. 19, 20ஆம் நூற்றாண்டுகளின் இந்திய மீன் நூல்களில் இப்பெயர் இடம்பெற்றுள்ளது. இன்றைய கருத்தின்படி பெக்டினேட்டா அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மட்டுமே உரியது. இந்தியப் பெருங்கடலில் அப்பெயரால் பதியப்பட்டவை பெரும்பாலும் ஸிஜ்ஸ்ரான் மீன்களாக இருக்கக்கூடும். 2001ஆம் ஆண்டுப் பட்டியலில் ஸிஜ்ஸ்ரான் உண்டு, பெக்டினேட்டா இல்லை. ஆகவே ஒரே மீனை ஓர் அலுவலர் ஒரு நூலைப் பார்த்துப் பெயரிட்டால் அது காக்கப்பட்ட உயிர். மற்றோர் அலுவலர் வேறொரு நூலைப் பார்த்துப் பெயரிட்டால் அது காக்கப்படாத உயிர். மீனில் மாற்றமேதும் இல்லை. அலுவலரின் கையிலிருந்த நூலே அதன் நிலையை முடிவு செய்துவிடுகிறது.

மூன்றாவது, வேளாவின் உறவினரான ரைன்கோபேட்டஸ் ஜிடென்சிஸ் என்னும் ஆப்புமூக்குத் திருக்கை. இதுவும் 2001ஆம் ஆண்டுப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பேரினத்தின் வகைப்பாடு பின்னர் திருத்தப்பட்டபோது, ஜிடென்சிஸ் மேற்கு இந்தியப் பெருங்கடலுக்கு உரியது எனச் சுருங்கியது. இந்தியக் கரைகளில் இறங்குபவை ரைன்கோபேட்டஸ் ஆஸ்திரேலியே, ரைன்கோபேட்டஸ் லேவிஸ் ஆகியவை எனத் தெரியவந்தது. சட்டம் ஒரு பெயரைக் காத்தது. அப்பெயருக்குரிய மீன் வேறு கடலில் இருந்தது. இங்குள்ள மீனுக்கோ பட்டியலில் பெயரில்லை.

இம்மூன்றிலும் குற்றம் வகைப்பாட்டியலாளருடையது அன்று. பெயர்களைத் திருத்திக்கொண்டே இருப்பது அவர்தம் கடமை. திருத்தத்துக்கு உட்படும் சொற்களை, அவை திருத்தப்படும் இயல்புடையவை என்பதை அறியாமலே கடன் வாங்கியதுதான் சிக்கல்.

எந்த அளவில் பெயரிடுவது

‘அப்படியானால் எல்லாவற்றையும் மொத்தமாகத் தடை செய்துவிடலாமே’ என்று ஒருவர் கேட்கலாம். அதுவும் ஒருமுறை செய்து பார்க்கப்பட்டதுதான். 2001 ஜூலையில் நடுவண் அரசு சுறா, திருக்கை ஆகிய குருத்தெலும்பு மீன்கள் அனைத்தையும் முதல் அட்டவணையில் சேர்த்தது. நாடெங்கும் பல்லாயிரம் மீனவரின் வாழ்வாதாரம் ஓர் அறிவிக்கையால் குற்றமாயிற்று. எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அப்பட்டியல் பத்துச் சிற்றினங்களாகச் சுருக்கப்பட்டது. ஆறே மாதங்களில் சட்டம் மிகப் பரந்த எல்லையிலிருந்து மிகக் குறுகிய எல்லைக்குத் தாவியது. இடையில் இருந்த படிநிலை அப்போது எவர் கவனத்தையும் பெறவில்லை.

அவ்விடைப்பட்ட படிநிலையைப் பற்றி மொழியியலும் மானிடவியலும் சில செய்திகளைக் கூறுகின்றன. மக்களின் உயிரின வகைப்பாடுகளைப் பல மொழிகளில் ஒப்பிட்ட பிரெண்ட் பெர்லின், 1992இல் வெளியிட்ட நூலில் ஒரு பொதுமையைச் சுட்டினார். எம்மொழியிலும் மக்கள் இயல்பாகப் பெயரிடும் அடிப்படைப் படிநிலை ஒன்று உண்டு. அது ‘மீன்’ என்பதுபோல் மிகப் பரந்ததும் அன்று. நுண்ணிய வேறுபாடுகளை அளந்து அறிய வேண்டிய அளவுக்குக் குறுகியதும் அன்று. கண்டவுடன் அறியத்தக்க, ஒற்றைச் சொல்லால் சுட்டத்தக்க ஓர் இடைநிலை அது.

தமிழின் ‘வேளா’ அப்படிநிலையைச் சேர்ந்த சொல். மராத்தியின் ‘கர்வத் மாசா’, வங்காளத்தின் ‘கராத் மாச்’ ஆகியனவும் அத்தகையனவே. அவ்விரண்டிலும் முதற்சொல் இரம்பத்தைக் குறிக்கும். இச்சொற்களின் எல்லை பிரிஸ்டிடே குடும்பத்தின் எல்லையோடு இந்தியக் கடலளவில் ஏறக்குறைய முழுமையாகப் பொருந்துகிறது. ஏழு ஐந்தானபோதும், மைக்ரோடான் மறைந்தபோதும், பெக்டினேட்டா அட்லாண்டிக்குக்குச் சென்றபோதும் ‘வேளா’ என்ற சொல்லின் எல்லை நகரவில்லை. நிலையான சொல்லைத் தேடும் சட்டத்துக்கு அது கரையிலேயே கிடைக்கிறது.

மக்கள் வழக்கு எப்போதும் சரியென்று கொள்வதற்கும் இல்லை. ‘வேளாச்சுறா’ என்னும் வழக்கு அதைச் சுறாவோடு சேர்க்கிறது. பரதவர் சினையுற்ற சுறாவின் கோட்டை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை குறிப்பிடுகிறது. சுறாவுக்குக் கோடு ஏது என்ற வினாவுக்கு, அது வேளாவின் மூக்காக இருக்கலாம் என்பது விடையாகக் கூறப்படுகிறது. அவ்விளக்கம் சரியெனில், பழந்தமிழரும் லின்னேயஸும் இம்மீனை ஒரே கூட்டத்தில் வைத்தவராவர். உறவு முறையில் இருவர் கணிப்பும் இன்று ஏற்கப்படுவதில்லை. ஆனால் சட்டத்துக்குத் தேவை உறவு முறை அன்று. எது உள்ளே, எது வெளியே என்னும் எல்லையே. அவ்வெல்லையை வகுப்பதில் கரையோரச் சொல் பிழைபடவில்லை.

படகில் நிற்பவரின் நிலை

சிற்றினங்களைப் பிரித்தறியும் முறையைக் கருதினால் இது மேலும் தெளிவாகும். பிரிஸ்டிஸ் பிரிஸ்டிஸின் மூக்கில் ஒருபக்கத்துக்கு ஏறத்தாழ 14 முதல் 24 வரை பற்கள் இருக்கும். ஸிஜ்ஸ்ரானுக்கு அவை பொதுவாக மிகுதி. முன்னதன் முதல் முதுகுத் துடுப்பு இடுப்புத் துடுப்புக்கு முன்னதாகவே தொடங்கும்; பின்னதில் சற்றுப் பின்தள்ளித் தொடங்கும். ஆய்வுக்கூட மேசையில் இவற்றை அளப்பது எளிது. நள்ளிரவில் வலை சுற்றிய, இருபுறமும் பல்லாயுதத்தை வீசும், பல மீட்டர் நீளமுள்ள ஒரு மீனின் அருகே நின்று அளப்பது எளிதன்று. உலர்ந்த மூக்கு மட்டும் உடலின்றிச் சந்தைக்கு வரும்போது துடுப்பைக் கொண்டு அறியும் வழியும் அடைபட்டுவிடும்.

முதல் அட்டவணை விலங்கைப் பிடித்தலும் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. அதற்கு மூன்று ஆண்டுகளுக்குக் குறையாத, ஏழு ஆண்டுகள் வரை நீளக்கூடிய சிறைத்தண்டனை உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு. இத்தகைய தண்டனையை எதிர்நோக்கும் ஒருவர், தம் கையிலுள்ள மீன் பட்டியலில் உள்ளதா என்பதைத் தம் மொழியில் அறிய முடிய வேண்டும். ‘வேளா பிடித்தால் குற்றம்’ என்பது எந்த மீனவருக்கும் விளங்கும் விதி. ‘அனாக்ஸிபிரிஸ்டிஸ் கஸ்பிடேட்டா பிடித்தால் குற்றம்’ என்பது விளங்காத விதி. விளங்காத விதியை மீறியவரைத் தண்டிப்பது எளிது. ஆனால் அத்தண்டனையால் அடுத்த மீன் பிழைப்பதில்லை.

2021 மார்ச்சில் கர்நாடகத்தின் மல்பெ துறைமுகத்தில் ஒரு பெரிய வேளா இறங்கியபோது, ஆங்கில ஊடகங்கள் அதைத் ‘தச்சுச் சுறா’ என்று எழுதின. திருக்கையாகிய ஒன்று, பட்டியலில் இல்லாத ஒரு பெயரால், சுறாவாகச் செய்தியில் இடம்பெற்றது. வேளா கரைக்கு வருவதே செய்தியாகும் அளவுக்கு அது அரிதாகிவிட்டது என்பதும் அந்நிகழ்வில் அடங்கிய உண்மை. உலகின் ஐந்து வேளாச் சிற்றினங்களும் இன்று அழியும் அபாயத்தில் உள்ளவையாகவே மதிப்பிடப்படுகின்றன.

எதிர்வாதங்கள்

இந்நிலைப்பாட்டுக்கு எதிராக இரு வாதங்கள் எழக்கூடும். இரண்டும் மதிக்கத்தக்கவை.

குடும்பப் பெயரால் காக்கப்பட்ட கடற்குதிரையின் நிலை மட்டும் சிறந்துவிட்டதா என்பது முதல் வாதம். இல்லை என்பதே நேர்மையான விடை. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் தடைக்குப் பின்னரும் கடற்குதிரைகள் இழுவலைகளில் சிக்கிக்கொண்டே இருக்கின்றன. உள்ளங்கையில் அடங்கும் அவ்வுயிர், வலை மேலே வரும்போது பிற மீன்களோடு கலந்து கிடக்கும். அதைத் தடையால் மட்டும் காக்க இயலாது. வேளாவோ படகில் உள்ளோர் அனைவரும் உடனே காணும் பெரிய மீன். உயிருடன் இருப்பின் வலையை அறுத்து விடுவிக்க முடியும். ஆகவே பெயர் சரியாக இருந்தால் நடைமுறைப் பயன் விளைய வாய்ப்பு இங்கு மிகுதி. ஆயினும் முதல் வாதம் உணர்த்தும் எச்சரிக்கை ஏற்கத்தக்கதே: பெயர் மட்டும் போதாது, அறுபட்ட வலைக்கு யார் பொறுப்பேற்பது என்ற வினாவுக்கும் விடை வேண்டும்.

அவ்வினாவுக்கு இரு மாநிலங்களில் விடை உள்ளது. திமிங்கலச் சுறாவைக் குஜராத் கடற்கரை மீனவர் ஒருகாலத்தில் ‘பேரல்’ என்று அழைத்தனர். அதைப் பிடிக்கப் பீப்பாய்களை மிதவையாகப் பயன்படுத்தியதால் வந்த பெயர் அது. 2004இல் தொடங்கிய இயக்கம், மொராரி பாபுவின் துணையுடன் அம்மீனை ‘வ்ஹாலி’, அதாவது ‘அன்புக்குரியவள்’, என்று அழைத்தது. பேறுகாலத்துக்குத் தாய்வீடு வரும் மகளாக அதைச் சித்திரித்தது. வெட்டப்பட்ட வலைக்கு வனத்துறை இழப்பீடும் தந்தது. பிடித்த கைகளே பின்னர் விடுவித்தன. மகாராஷ்டிரமும் 2018 முதல், காக்கப்பட்ட கடலுயிர்களை விடுவிக்க வலையை அறுத்த மீனவருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு வழங்குகிறது. உள்ளூர்ச் சொல்லும் இழப்பீடும் சேர்ந்தபோதே சட்டம் கடலுக்குள் சென்றது.

சட்டத்துக்குத் துல்லியம் வேண்டும், துல்லியம் சிற்றினப் பெயரில்தான் உண்டு என்பது இரண்டாம் வாதம். ஆனால் மேற்கண்ட மூன்று எடுத்துக்காட்டுகளும் காட்டுவது, அத்துல்லியம் தோற்றமளவில்தான் என்பதை. பெயர் எவ்வளவு குறுகுகிறதோ அவ்வளவு எளிதில் அது திருத்தத்துக்கு உள்ளாகும். இந்தியக் கடலில் காக்க வேண்டாத வேளா என்று எதுவும் இல்லாதபோது, அவற்றுள் வேறுபாடு காண்பதால் சட்டம் பெறும் பயன் ஏதுமில்லை. ஆய்வாளர் சிற்றினங்களைப் பிரித்தறிய வேண்டும். எத்தனை எஞ்சியுள்ளன, எங்குள்ளன என்று கணிக்க அது இன்றியமையாதது. தடைவிதிக்கு அது தேவையில்லை.

செய்யத்தக்கன

2022ஆம் ஆண்டுத் திருத்தம் சைட்டிஸ் பிற்சேர்க்கைகளை நான்காம் அட்டவணையாக இந்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. அப்பிற்சேர்க்கை வேளாவைக் குடும்பப் பெயராலேயே சுட்டுகிறது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அட்டவணையில் ஏற்கப்பட்ட இம்முறையை, பிடித்தலைத் தடுக்கும் அட்டவணையும் ஏற்பதற்குக் கொள்கையளவில் தடை இருக்க இயலாது. இன்றும் அங்குள்ள பதிவுகள் பெரும்பாலும் சிற்றினப் பெயர்களையே சார்ந்துள்ளன. அட்டவணைகளைத் திருத்தும் அதிகாரத்தைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு நடுவண் அரசுக்கு அளித்துள்ளது. நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஓர் அறிவிக்கை போதும்.

அவ்வறிவிக்கையில் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும். பிரிஸ்டிடே அனைத்தும் என்னும் குடும்பப் பதிவு. கரையோர மாநிலங்களின் மொழிகளில் வழங்கும் பெயர்கள், அவற்றின் எழுத்திலேயே. அறிவியற் பெயர் பின்னர் மாறினாலும் பாதுகாப்பு மாறாது என்னும் ஒரு விளக்கத் தொடர். இதனுடன் மகாராஷ்டிரத்தைப் போன்ற வலை இழப்பீடு ஏனைய கரையோர மாநிலங்களிலும் அமைய வேண்டும்.

இதில் பல்கலைக்கழகங்களுக்கும் பங்குண்டு. ஒரு சிற்றினப் பெயர் மாறும்போது அச்செய்தி ஆய்விதழோடு நின்றுவிடுகிறது. அப்பெயரைத் தாங்கிய சட்டத்துக்கும் துறைமுகப் பதிவேட்டுக்கும் அதை எடுத்துச் செல்வது எவர் பொறுப்பு என்று வகுக்கப்படவில்லை. மீனியல் துறையினர் மாறிய பெயர்களின் பட்டியலையும், மொழியியல் துறையினர் கரையோரப் பெயர்களின் தொகுப்பையும் இணைந்து உருவாக்கி அமைச்சகத்துக்கு அனுப்பலாம். ஒவ்வொரு துறைமுகத்திலும் வேளாவைக் கண்ட முதியோர் இன்னும் உள்ளனர். அவர்களிடம் எத்தனை சொற்கள் உள்ளன, அவை எவற்றைப் பிரித்தன என்று கேட்டறிய இதுவே காலம். அடுத்த தலைமுறை மீனவர் பலருக்கு அச்சொல் மட்டுமே தெரிந்திருக்கும். மீனைப் பார்த்திருக்க மாட்டார்கள்.